புது பைக், 280 கிலோமீட்டர், அதற்குள் செயினில் துரு: வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

உப்பளத்தான் (இழையைத் தொடங்கியவர்)

வண்டி எடுத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. 160 சிசி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கம்பெனிப் பெயரைச் சொன்னால் நாலாவது பதிவிலேயே சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் சொல்லவில்லை.

தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். போக வர 24 கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் பாத்திகளுக்கு நடுவே மண்பாதை. காலையில் போகும்போது ஈரம், மதியம் திரும்பும்போது வெள்ளைப் பொடி. நேற்று வண்டியைத் துடைக்கக் குனிந்தபோது செயினின் பக்கத் தகடுகளில் செம்புள்ளிகள் தெரிந்தன. மீட்டர் காட்டுவது 280. நெஞ்சு அடைத்துவிட்டது.

முதல் சர்வீஸுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதுவரை சும்மா இருப்பதா? கையில் இருப்பது வண்டியோடு வந்த சின்னப் பை ஒன்று: ஸ்பேனர் இரண்டு, பிளக் ஸ்பேனர் ஒன்று, திருப்புளி ஒன்று. பழைய எஞ்சின் ஆயிலைச் செயினில் பூசினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பூசலாமா?

கரிசல்காடு

எதையும் தொடாதீர்கள் என்பதுதான் என் பதில். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி. இலவச சர்வீஸ் கூப்பன் இருக்கிறது, உத்தரவாதம் இருக்கிறது. நீங்கள் ஒரு போல்ட்டைத் திருகி, நாளைக்கு எஞ்சினில் ஏதாவது சத்தம் வந்தால், "வெளியில் கை வைத்திருக்கிறீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். துரு தெரிந்தால் ஷோரூமில் போய்க் காட்டுங்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் செய்யட்டும்.

வைகைக்கரை

தம்பி, மதுரையில் முப்பத்தொரு வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான். இப்போது கடையை மகன் பார்க்கிறான். நான் வாசலில் உட்கார்ந்து குறை சொல்கிறேன்.

கரிசல்காடு சொல்வதில் பாதி சரி. முதல் சர்வீஸைத் தவறவிடாதே. உன் கூப்பனில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை நாள், எது முந்துகிறதோ அது என்று அச்சடித்திருப்பார்கள். உனக்கு நாள்தான் முந்தும். கூலி இலவசம், ஆயிலுக்குக் காசு வாங்குவார்கள், கொடுத்துவிடு. ரசீதைப் பத்திரமாக வை.

ஆனால் செயின் துடைப்பதும், காற்றுப் பார்ப்பதும், கிளட்ச் கேபிளைக் கவனிப்பதும் உத்தரவாதத்தைக் கெடுக்கிற வேலைகள் இல்லை. உன் வண்டியோடு வந்த கையேட்டைத் திற. இவையெல்லாம் ஓட்டுகிறவர் செய்ய வேண்டியவை என்றே போட்டிருக்கும். அந்தப் புத்தகம் பெரும்பாலான வீடுகளில் ஆர்சி புத்தகத்தோடு பீரோவுக்குள் தூங்குகிறது.

துருவைப் பற்றி: தகட்டின் வெளிப்பக்கத்தில் மட்டும் செம்புள்ளி என்றால் பயப்படாதே, துணியால் துடைத்தால் போகும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்று. ஒவ்வொரு கண்ணியும் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) விட்டு வெளியே வரும்போது நேராக நிமிர்கிறதா, இல்லை முழங்கை மாதிரி மடங்கியே நிற்கிறதா என்று பார். மடங்கி நின்றால் கண்ணிகளை இணைக்கும் சிறு கம்பி, அதாவது 'பின்', உள்ளே இறுகிவிட்டது, அதை ஷோரூமில் காட்டத்தான் வேண்டும்.

அடுத்து, தகடுகளுக்கு நடுவே கறுப்பாக மெல்லிய ரப்பர் வளையம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்.

உப்பளத்தான்

அண்ணாச்சி, பார்த்தேன். எந்தக் கண்ணியும் மடங்கி நிற்கவில்லை. கறுப்பு வளையம் இருக்கிறது.

வைகைக்கரை

அப்படியென்றால் அது ஓ-ரிங் செயின். கிரீஸை உள்ளே அடைத்து ரப்பர் வளையத்தால் மூடித்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். நாம் வெளியில் பூசுவது அந்த ரப்பர் காயாமல் இருக்கவும், உருளைகள் பல்லில் உராயாமல் இருக்கவும், துரு பிடிக்காமல் இருக்கவும்தான். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதே, ரப்பர் போய்விடும். கம்பி பிரஷ் வேண்டாம். மண்ணெண்ணெய் கிடைத்தால் துணியில் நனைத்துத் துடை. இப்போதெல்லாம் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்கிறாயா, செயின் கிளீனர் என்றே கேனில் விற்கிறார்கள். காய்ந்த பிறகு கெட்டித்தன்மை எண் 90 போட்ட கியர் ஆயில். கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உள்விளிம்பில், தகடும் உருளையும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடு. வண்டி ஓட்டி வந்த சூட்டோடு இரவில் விட்டால் காலைக்குள் ஊறியிருக்கும். காலையில் மிச்சத்தைத் துணியால் வழித்தெடு. வழிக்காமல் விட்டால் பேண்ட்டெல்லாம் புள்ளி, உன் பாதையின் மண்ணும் வந்து ஒட்டும். மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் அது அரம்.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் எழுதியதாக வைத்துக்கொள்: எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. அப்படிச் செய்து விரல் நுனி போனவர்கள் இரண்டு பேரை நானே ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன். கையால் சுற்று. பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

தாமிரபரணிப்பிள்ளை

பழைய எஞ்சின் ஆயில் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என் அப்பா கடைசிவரை அதைத்தான் பூசினார். ஒரே செயினில் வருடக்கணக்காக ஓட்டினார். இந்தக் கேன், ஸ்பிரே எல்லாம் வியாபாரம்.

பம்புசெட்

கோவையில் பம்பு உதிரிபாகம் கடையும் பட்டறையில் இருக்கிறேன். உலோகத் தூள்தான் என் பிழைப்பு.

உங்கள் அப்பாவின் வண்டியில் செயினை முழுவதும் மூடிய பெட்டி இருந்திருக்கும், ரப்பர் வளையம் இருந்திருக்காது. அதற்கு அது ஓடியது. பழைய ஆயில் என்பது எஞ்சினும் கியரும் தேய்ந்த தூளையும், எரிந்த புகையின் அமிலத்தையும் சுமந்து வருகிற திரவம். எஞ்சினுக்கே ஆகாது என்று இறக்கியதைச் செயினுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அது கையில் அடிக்கடி படுவதும் தோலுக்குக் கெடுதல், புற்றுநோய் அபாயம் வரை உண்டு. கையுறை போடுங்கள்.

சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய்க்கும் இடம் உண்டு. மெக்கானிக் கடைகளில் பீப்பாய் வைத்திருப்பார்கள், கேனில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

வேகத்தடை

எல்லாரும் செயினிலேயே தொங்குகிறீர்கள். புது எஞ்சினில் இரும்புத் தூள் கொட்டும். நான் 50 கிலோமீட்டரில் ஒரு தடவை, 200-இல் ஒரு தடவை, 500-இல் ஒரு தடவை ஆயில் மாற்றினேன். கார் ஆயில் நாலு லிட்டர் கேன் மலிவாகக் கிடைத்தது, அதையே ஊற்றினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது. 280 ஆகிவிட்டதென்றால் இன்றைக்கே இறக்குங்கள்.

பம்புசெட்

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. எண்ணெய் நிற்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போட்டிருப்பார்கள். பிஸ்டன் வளையங்கள் அந்தக் கீறல்களின் மேல்முனையைத் தேய்த்துத் தமக்கு இடம் பிடிக்கும். கியர் பற்களும் அப்படித்தான். ஆகவே முதல் சில நூறு கிலோமீட்டரில் தூள் வருவது உண்மை. முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்வதற்கும் அதுதான் காரணம். ஆனால் கம்பெனி 500 என்றோ 750 என்றோ போட்டிருப்பது இதையும் கணக்கில் வைத்துத்தான். 50-இல் மாற்றினால் எஞ்சின் கெடாது, உங்கள் காசுதான் கெடும்.

கார் ஆயில் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடித்தால்தான் வண்டி நகரும். எரிபொருள் மிச்சமாகட்டும் என்று சில கார் ஆயில்களில் வழுக்கும் ரசாயனம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அது தட்டுகளின் பிடியைக் குறைக்கும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி வேகம் எடுக்காது. இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-இல் ஜாசோ டி903 என்று ஒரு தரம் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்புறம் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் இப்படி ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்பி என்றால் ஸ்கூட்டருக்கு. கெட்டித்தன்மை எண்ணைக் கையேட்டில் பாருங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள். அவரிடம் எது அதிகம் இருப்பில் இருக்கிறதோ அதுதான் நல்லது என்பார்.

வேகத்தடை

மேட்டில் கத்துகிறது என்பது உண்மைதான். சிலிண்டர் இறுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, இறக்குகிறேன்.

மண்டபம்_அலை

உப்பளத்தானுக்குக் கடற்கரைக்காரன் சொல்வது. நான் வாரம் இரண்டு தடவை தனுஷ்கோடி சாலையில் அரிச்சல்முனை வரை சவாரிக்காரர்களுக்கு வழிகாட்டிப் போகிறேன். இரண்டு பக்கமும் கடல். காற்றில் வருகிற உப்பு வண்டியில் படியும், இரவு ஈரத்தில் அது கரைந்து உள்ளே இறங்கும். எண்ணெய் போடுவதற்கு முன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். உப்பின்மேல் எண்ணெய் பூசினால் துருவை மூடிவைத்து வளர்க்கிற மாதிரி.

வாளியும் குவளையும் போதும். வாட்டர் வாஷ் என்று பீய்ச்சி அடிக்கும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் சக்கர பேரிங்குக்குள்ளும் செயின் வளையத்தைத் தாண்டியும் புகுந்துவிடும். என் பழைய வண்டியின் பின் பேரிங் அப்படித்தான் போனது. கழுவியதும் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை மெதுவாக இரண்டு தடவை பிடித்து உலர்த்துங்கள். பேட்டரி முனையில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மாற்றிச் செய்து ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பொறி பறக்கும்.

டீச்சர்_திண்டிவனம்

நானும் நாலு மாதமாகப் புது வண்டி ஓட்டுகிறேன், மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குப் போகிறேன். என் பங்குக்குக் காற்று விஷயம்.

என் கையேட்டில் முன் 25, பின் 28, இருவர் என்றால் பின்னால் 32 என்று இருக்கிறது. இந்த அளவு டயர் குளிர்ந்திருக்கும்போது. பெட்ரோல் பங்கு எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி அழுத்தம் ஏறிவிடும். அங்கே 28 என்று சரியாக வைத்துவிட்டு வந்தால், காலையில் வீட்டில் பார்க்கும்போது குறைந்திருக்கிறது. பஞ்சர் என்று இரண்டு தடவை கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பஞ்சரும் இல்லை, ஆணியும் இல்லை. இப்போது பென்சில் மாதிரி ஒரு அளவுமானியும் கால் பம்பும் வாங்கிவைத்து, ஞாயிறு காலை வண்டியை எடுப்பதற்கு முன் பார்த்துவிடுகிறேன்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். வண்டி எடுத்த அன்று ஷோரூமில் பூஜை போட்ட பையன் பக்தியோடு முன் டிஸ்க்கிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டான். இரண்டு நாள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச் என்றது. சோப்புத் தண்ணீரால் கழுவிய பிறகுதான் நின்றது. விளக்குக்கு வையுங்கள், டேங்குக்கு வையுங்கள், டிஸ்க்கில் வேண்டாம்.

வைகைக்கரை

டீச்சரம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. டயருக்குப் பளபளப்பு எண்ணெய் பூசுகிறவர்களும் இதைப் படிக்கட்டும். புது டயரே முதல் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் வழுக்கும். அதன்மேல் எண்ணெய் வேறா?

உப்பளத்தான்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை உட்கார்ந்தேன். கழுவி, உலர்த்தி, 90 ஆயில் விட்டேன். செம்புள்ளி போய்விட்டது. அந்த உற்சாகத்தில் கொஞ்சம் மிஞ்சிப் போய்விட்டேன் என்று நினைக்கிறேன்.

செயின் தொய்வாக இருந்தது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் என்று இருக்கிறது, எனக்கு 40-க்கு மேல் ஆடியது. ஆக்சில் (பின் சக்கரத்தின் நடு அச்சு) நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத் திருகையும் கால் கால் சுற்றாகத் திருகி, கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிற மாதிரி வைத்து இறுக்கினேன். இப்போது 25. ஆனால் திங்கள்கிழமை வேலைக்குப் போய் இறங்கினால் பின் டிரம் தொட முடியாத சூடு. அதோடு, பின்னால் வந்த நண்பர், "வழி முழுவதும் ஏன் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தாய்?" என்று கேட்டார். நான் மிதிக்கவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வந்திருக்கிறது. என்ன செய்துவிட்டேன் அண்ணாச்சி?

கரிசல்காடு

நான் அப்போதே சொன்னேன்.

வைகைக்கரை

பதறாதே. பெரிய தவறு ஒன்றும் இல்லை, ஒரு வேலையை மறந்துவிட்டாய்.

செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினாய் இல்லையா? பிரேக் மிதியிலிருந்து டிரம்முக்குப் போகும் கம்பியின் ஒரு முனை மிதியோடு முன்னால் நிற்கிறது, மறுமுனை டிரம்மோடு பின்னால் போய்விட்டது. கம்பி இழுபட்டு, நீ மிதிக்காமலேயே பிரேக் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விளக்கின் சுவிட்சும் அந்த மிதியோடுதான் கட்டியிருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

கம்பியின் பின்முனையில் கையாலோ ஸ்பேனராலோ திருகுகிற ஒரு நட்டு இருக்கும். அதைத் தளர்த்து. மிதியை விரலால் அமுக்கினால் பிரேக் பிடிக்கும் முன் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, சும்மா இறங்க வேண்டும். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்று, உராயாமல் ஓட வேண்டும். பிறகு விளக்கு எப்போது எரிகிறது என்று பார், தேவையென்றால் சுவிட்சைக் கொஞ்சம் நகர்த்து. டிரம்மைப் பிடித்திருக்கும் பட்டைக் கம்பியின் நட்டைத் தளர்த்தியிருந்தால் அதை மறுபடி இறுக்கினாயா? அந்த நட்டு கழலாமல் இருக்க ஸ்பிளிட் பின் குத்தியிருந்தால் புது ஸ்பிளிட் பின் போடு. இதை மட்டும் இன்றைக்கே பார்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் செயின் இன்னும் இறுகும். 25 சரி, ஆனால் ஒரே இடத்தில் அளந்தாயா? சக்கரத்தை நாலு இடத்தில் நிறுத்தி அள. எங்கே அதிகமாக இறுகியிருக்கிறதோ அந்த இடத்துக்கு 20-க்குக் குறையாமல் வை.

உப்பளத்தான்

இரவு பத்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் செய்தேன். கம்பி நட்டு மூன்றரைச் சுற்று தளர்த்த வேண்டியிருந்தது. பட்டை நட்டு இறுக்கமாகவே இருக்கிறது, அதை நான் தொடவில்லை. நாலு இடத்தில் அளந்ததில் 22, 25, 26, 23. இன்று போய் வந்தேன், டிரம்மில் கை வைக்க முடிகிறது. விளக்கு அணைகிறது.

இன்னொரு கேள்வி. வால்வு சத்தம் மாதிரி டிக் டிக் என்று லேசாகக் கேட்கிறது. அதையும் நானே...

வைகைக்கரை

இல்லை. அங்கே நிறுத்து.

லேசாகத் தட்டுகிற வால்வு பரவாயில்லை. சத்தமே இல்லாமல் இறுகிப்போன வால்வுதான் எரிந்துபோகும். அளவு பார்க்க எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டும், பிஸ்டன் மேல்நிலையில் நிற்க வேண்டும். முதல் சர்வீஸில் சொல், காலையிலேயே வண்டியை விட்டுவிடு. இந்தக் காலத்து வண்டியில் சென்சாரும் வயரும் எங்கே போகிறதென்று தெரியாமல் மூடியைத் திறக்கக் கூடாது. 2020-க்கு முந்தைய கார்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) வண்டியில் காற்றுத் திருகை நாமே திருகிய பழக்கத்தில் இந்தக் காலத்து வண்டியிலும் திருப்புளியோடு அதைத் தேடுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள் கடைக்கு.

பம்புசெட்

பின்னால் எப்போதாவது நீங்களே ஆயில் மாற்றினால், டிரெயின் போல்ட்டைப் பற்றி (ஆயிலை இறக்க எஞ்சினின் அடியில் கழற்றுகிற போல்ட்) என் அவமானக் கதையைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உலோகம் தெரிந்தவன் என்ற திமிரில், ஒழுகக் கூடாது என்று நீளமான பிடி போட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். இரும்பு போல்ட்டு, அலுமினிய எஞ்சின். 'க்ரக்' என்று சத்தம்கூட வரவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சும்மா சுற்றியது. மரை போய்விட்டது. கடைசல் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே செருகும் கம்பிச் சுருள்) போட்டு மீட்டேன். நானே அந்தத் தொழிலில் இருப்பதால் கூலி மிச்சம், கிண்டல் மிச்சமாகவில்லை. வாஷர்தான் ஒழுகாமல் அடைப்பது. ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள், போதும்.

உப்பளத்தான்

முதல் சர்வீஸ் முடிந்து வந்தேன். மீட்டர் 446. முதலில் நல்ல செய்தி: என் முன்னாலேயே ஆயிலை இறக்கச் சொல்லிக் கேட்டேன், சம்மதித்தார்கள். கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, வெளிச்சத்தில் பிடித்தால் ஜிகினா கரைத்த மாதிரி மின்னியது. டிரெயின் போல்ட்டின் முனையில் ஒரு காந்தம், அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒரு பூச்சு. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று இல்லை.

மற்றது: வீட்டுக்கு வந்து அளந்தால் செயின் 12 மில்லிமீட்டர்தான் ஆடுகிறது. நான் 25-இல் விட்டுவிட்டுப் போனேன். கம்பி வாத்தியம் மாதிரி இறுக்கிவைத்திருக்கிறார்கள்.

பம்புசெட்

மை மாதிரிப் பூச்சு என்றால் சரியான தேய்மானம். செதிலாகவோ துண்டாகவோ வந்திருந்தால்தான் கவலை. 12-இல் ஓட்டாதீர்கள். பள்ளத்தில் சக்கரம் மேலே போகும்போது செயினுக்கு இடம் இருக்காது, கியர் பெட்டியின் வெளித் தண்டு பேரிங் அடிவாங்கும்.

உப்பளத்தான்

திரும்பப் போனேன். ஸ்கேலை வைத்துக் காட்டினேன். பையன் என்னையும் ஸ்கேலையும் மாறி மாறிப் பார்த்தான். மேற்பார்வையாளர் வந்து, ஒட்டியிருந்த தாளைத் தானே குனிந்து படித்து, தளர்த்தச் சொன்னார். இப்போது 24. பிரேக் கம்பியை மறந்துவிட்டார்கள், மிதி தொளதொளவென்று இருந்தது. அதை நானே அங்கேயே நின்று மூன்று சுற்று இறுக்கிக்கொண்டேன். வேலை அட்டையில், "செயினை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வார்" என்று எழுதிவிட்டார்கள். இது பாராட்டா, கோபமா என்று தெரியவில்லை.

கரிசல்காடு

உப்பளத்தான் அண்ணாச்சி, அந்த ஆக்சில் நட்டுக்கு என்ன ஸ்பேனர் போட்டீர்கள்? என் வண்டியில் இன்று குனிந்து பார்த்தேன். செயின் கீழே தொங்குகிறது.

உப்பளத்தான்

என்னுடையது 22 ரிங் ஸ்பேனர். உங்கள் நட்டை அளந்துவிட்டு வாங்குங்கள். கோவில்பட்டியில்தானே இருக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை உப்பு லாரி அந்தப் பக்கம் வருகிறது, டிரைவரிடம் என்னுடையதைக் கொடுத்தனுப்புகிறேன். டிரெயின் போல்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள்.